சிடுமூஞ்சி டவர்

அத்தியாயம் பதினொன்று

பாப்பா பெட்டியோடு வந்து இறங்கியது வரை போன வாரம் பார்த்தோம். ஏன் வந்தாள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த வீட்டு மாப்பிள்ளையான அவள் கணவரிடமிருந்து போன் வந்தால் செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அண்ணி, ஏதாவது வேலை இருந்தா குடுங்களேன்" என்பாள்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியவள், பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அண்ணன் வாயில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த அண்ணன்தான் நம் லிஃப்ட்காரர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அங்கே போனை எடுப்பதும், எந்த லிஃப்ட் எங்கே நின்றுபோனது என்று கேட்டு அவரை ஓட்டுவதும் அவர் மனைவி. பாப்பா "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது கட்டடக் காவலாளிகூட "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்.

இத்தனை நாள் நன்றாகத்தான் ஓடியது. இப்போது அண்ணிக்கு ஒரே ஒரு பயம். வெளியூரில் இருக்கும் பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்று லிஃப்ட்காரரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "டவர் நம்ம கையில இருக்கிற வரைக்கும் போக மாட்டேன். அது போச்சுன்னா போய்த்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார். நான்கு லிஃப்ட் ஓடும் அந்த டவர்தான் வீட்டின் பாதி வருமானம். அதன் ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது.

டவரின் செயலாளர் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மாசாமாசம் என்னத்தைப் பாக்குறீங்கன்னு எனக்குப் படமா வேணும். எல்லாத்தையும் வரிசையா, கம்ப்யூட்டர்ல. அதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

லிஃப்ட்காரர் போனில் எடுத்த படத்துக்குக் குறைவில்லை. ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தது. எது எந்த லிஃப்டின் கயிறு, எது எந்தக் கதவு என்று பிரித்து வைக்கத்தான் ஆள் இல்லை. அண்ணி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். கண்தான் எரிந்தது.

"இதுக்கா அண்ணி இப்படி மாரடிக்கிறீங்க?" என்று பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றை லேப்டாப்பில் கொண்டுவந்தாள். அதை ஆபீஸ் மெயிலோடும், லிஃப்ட்காரரின் போனில் இருந்த பெயர்களோடும், படங்கள் போய்ச் சேரும் கிளவுடோடும் கோத்துவிட்டாள்.

"இங்க தமிழ்லயே எழுதுங்க. வீட்டுக்கு வந்த ஆளுகிட்ட வேலை சொல்ற மாதிரி சொல்லுங்க, போதும். அதுவே போய் ஃபோல்டர் போட்டு, படத்தை எல்லாம் எடுத்து வெச்சுடும்."

"மரியாதையா சொல்லணுமா?"

"உங்க இஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் பாப்பா குளிக்கப் போனாள்.

அண்ணிக்கு மரியாதை இல்லாமல் பேச வராது. 'வணக்கம்' என்று ஆரம்பித்தாள். 'எங்கள் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் போடவும். ஒவ்வொன்றின் உள்ளேயும் மோட்டார் ரூம், கயிறு, கதவு, குழி என்று நான்கு ஃபோல்டர் போடவும். படங்களை அந்தந்த இடத்தில் வைத்து, அந்தந்தக் கட்டடத்துக்காரருக்கு அனுப்பி வைக்கவும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

அது மன்னித்ததோ என்னவோ, வேலையைத் தொடங்கியது. திரையில் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தால் உள்ளே நான்கு. கயிறு என்றால் கயிறுதான் இருந்தது, கதவு என்றால் கதவுதான். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்ற வேலை இது. குளியலறைப் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ நல்லா இருக்கணும்!" என்று கத்தினாள்.

தண்ணீர்ச் சத்தத்தில் பாப்பாவுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் ஏஜென்ட் நின்று கேட்டது: 'இந்த ஃபோல்டர்களை உரியவர்களுடன் பகிரப் போகிறேன். பெயர்களைச் சரிபார்த்து அனுமதி தரவும்.'

சும்மா சொல்லக் கூடாது, அண்ணி சரிபார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, மேலிருந்து கீழே வரை படித்தாள். நாய் பில்டிங். கஞ்சன் கிளினிக். பேச்சு நிக்காத பேங்க்காரர். கண்ணாடி மாளிகை. சிடுமூஞ்சி டவர். ஒன்றுகூட விடுபடவில்லை.

அனுமதி தந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட்காரர் பேச்சில் சிக்கனம், பெயர் வைப்பதில் தாராளம். எந்தக் கட்டடத்துக்கும் அதன் சொந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. போனில் எண்ணைப் பதிந்ததும் அந்தப் பெயரில்தான், படம் அனுப்பும்போது கீழே எழுதுவதும் அதைத்தான். இந்த வீட்டில் கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணி கேட்டுப் பழகியதும் அந்தப் பெயர்களைத்தான். 'கஞ்சன் கிளினிக்' என்றால் அவளுக்கு ஒரு மூன்று மாடிக் கட்டடமும், அதில் இரண்டாவது மாடியில் இழுத்துக்கொள்ளும் ஒரு கதவும்தான் நினைவுக்கு வரும். அதில் கஞ்சன் என்று ஒருவர் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

நினைவுபடுத்த அவரே போன் செய்தார்.

"அண்ணி, நான் பல் டாக்டர் பேசறேன். என் கிளினிக்குக்குப் பேர் மாத்தியிருக்கீங்க போல?"

"இல்லையே டாக்டர்."

"கஞ்சன் கிளினிக்னு மெயில் வந்திருக்கு. நம்ம ரிசப்ஷன் பொண்ணு சத்தமா வேற படிச்சிடுச்சு. பேஷன்டுங்க எல்லாம் ஒரு மாதிரி சிரிக்கிறாங்க."

அண்ணி போனை வைத்துவிட்டு, "பாப்பா!" என்று அலறினாள். பாப்பா ஈரத்தலையோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டு நழுவி விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

"அண்ணி, என்ன இது, நாய் பில்டிங்?"

"நாய் பில்டிங்தான். பேக்கரிக்கு எதிர்ல."

"அது எனக்கும் தெரியும்! அவங்களுக்குத் தெரியலாமா?"

பாப்பா படபடவென்று ஏஜென்டிடம் எழுதினாள். அது நிதானமாகப் பதில் சொன்னது: 'நீங்கள் பயன்படுத்தும் பெயர்களையே வைத்தேன். ஃபோல்டர் பெயர்களை இப்போதே மாற்றலாம். ஏற்கெனவே சென்ற மின்னஞ்சல்களைத் திரும்பப் பெற முடியாது.'

குற்றம் சொல்லவும் வழியில்லை. கேட்டுவிட்டுத்தானே அனுப்பியது.

"என் தப்பு அண்ணி" என்றாள் பாப்பா. முகம் சுருங்கிவிட்டது. "நான் பக்கத்துல இருந்திருக்கணும். அந்தப் பேரையெல்லாம் அது அப்படியே போட்டுடும்னு எனக்குத் தோணியிருக்கணும். வந்த இடத்துலயும் என்னால…"

"சீ, வாயை மூடு. படிச்சுப் பாத்து அனுப்பினவ நான். நீ எதுக்கு நடுவுல வந்து பழியைத் தூக்குற?"

அண்ணியின் வாய் சொன்னதே ஒழிய மனம் ஒரே இடத்தில் நின்றது. சிடுமூஞ்சி டவர். அந்த மெயிலும் போயிருக்கும்.

போன் மறுபடி அடித்தது. எதிர்முனையில் செயலாளர் அம்மா. வணக்கமெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை.

"ஃபோல்டரைப் பார்த்தேன். மூணு மணிக்கு நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நேர்ல வாங்க."

வைத்துவிட்டார்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எங்கோ ஒரு மோட்டார் ரூமில் இருந்தார், பின்னால் இரைச்சல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பேரோடயேவா போயிருக்கு?"

"அந்தப் பேரோடயேதான்."

"சரி. மூணு மணிக்கு வந்துடறேன்."

"திட்டவாவது செய்யுங்களேன்."

"எதுக்கு? பேர் வெச்சது நான்தானே."

அண்ணி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது பாப்பா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பில்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் சொந்தப் பெயரை ஏஜென்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே போனை எடுத்து, "ஸாரி சார், எங்க ஆபீஸ்ல ஒரு சின்னக் குளறுபடி" என்று குழைந்தாள். நாய் பில்டிங்காரர் மட்டும் சந்தோஷப்பட்டாராம், எங்கள் நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று.

டவரின் கீழ்த்தளத்தில், கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் செயலாளர் அறை. மேஜைமேல் ஒரு தூசி கிடையாது. செயலாளர் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டை நடத்திய அதே குரலில் இப்போது டவரை நடத்துகிறார். நாற்காலியைக் கையால் காட்டினார். இருவரும் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரில் ஃபோல்டர் திறந்திருந்தது.

"இந்தப் பேரை வெச்சது யாரு?"

அண்ணி முந்திக்கொண்டாள். "அம்மா, அது கம்ப்யூட்டர் தானா…"

"நான்தாம்மா" என்றார் லிஃப்ட்காரர்.

"எப்ப வெச்சீங்க?"

"மொதல் நாளே."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று. இனி வெளியூர் போக அவருக்குத் துணிமணியை எடுத்து வைக்க வேண்டியதுதான்.

"மொதல் நாள்னா? அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டாம் நம்பர் லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டீங்க. அவசரத்துல, மெயின் சுவிட்சை அணைக்காம, லிஃப்டுக்குக் கீழ இருக்கிற அடிக்குழிக்குள்ள இறங்கிட்டேன். ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு. நீங்க அந்தப் பக்கமா வந்தீங்க. டவர் பூரா கேக்குற மாதிரி கத்தினீங்க. 'மேல ஏறுய்யா வெளிய! மெயினை அணைக்காம எவன் உன்னை இறங்கச் சொன்னது? வீட்டுல ஆளு இல்லையா உனக்கு?'ன்னு."

"கத்தியிருப்பேன்."

"வேடிக்கை பாக்க ஆளுங்க கூடிட்டாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. ஏறி வெளிய வந்தேன். கோவத்துல போனை எடுத்து உங்க நம்பரை அந்தப் பேர்ல போட்டுக்கிட்டு இருந்தேன். பேரை அடிச்சு முடிக்கல, லிஃப்ட் கீழ வந்துச்சு. நின்னுபோன லிஃப்டுதான். மேல யாரோ பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. நான் குனிஞ்சு உக்காந்திருந்த இடத்துல வந்து நின்னுச்சு."

லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அப்புறம் அந்தப் பேரை மாத்தணும்னு எனக்குத் தோணல. நீங்க கூப்பிடறப்பெல்லாம் அது தெரியும். தெரிஞ்சதும், எந்த லிஃப்டா இருந்தாலும் மெயினை அணைச்சோமான்னு ஒரு தடவை பாத்துக்குவேன். மனசுல உங்களுக்கு நன்றி சொல்லாத நாள் இல்ல. வாயால சொல்லத்தான் வரல."

இவ்வளவு பேச்சை அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அண்ணி கேட்டதே இல்லை. ஆனால் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குழிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்திருப்பார். டீ கேட்டிருப்பார். அவளும் சர்க்கரை போதுமா என்று கேட்டுக் கொடுத்திருப்பாள். ஒன்றுமே தெரியாமல்.

எழுந்து மேஜையைச் சுற்றிப் போனாள். செயலாளர் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க போன் வந்தாலே முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தாம்மா எடுப்பேன். வெச்சதுக்கு அப்புறம் ஏதாவது முணுமுணுப்பேன். இவர் இன்னைக்கு எனக்கு இருக்காருன்னா அது உங்க கோவத்தாலதான். எனக்குத் தெரியாமப் போச்சே. நீங்க நல்லா இருக்கணும்மா."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. செயலாளர் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவர், நன்றி வாங்கிப் பழக்கமில்லாதவர் போலிருக்கிறது. கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

"அழாதீங்க. ஆபீஸ்ல அழுதா எனக்குப் பிடிக்காது" என்றார். குரல்தான் கொஞ்சம் கரகரத்தது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "நான் கூப்பிட்டது பேருக்காக மட்டும் இல்ல. குழிங்கிற ஃபோல்டரைத் திறந்து பாத்தேன். ஒவ்வொரு தடவையும் மொதல் படம் அணைச்ச மெயின் சுவிட்ச். அப்புறம்தான் குழி. ஒரு மாசம்கூடத் தப்பல. இந்த மனுஷன் ஏன் சுவிட்சைப் படம் எடுக்குறாருன்னு கேக்க நினைச்சேன். கேட்டாச்சு."

ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது நிறுத்தினார்.

"ரெண்டு விஷயம். சிடுமூஞ்சி நான். டவர் என்ன பண்ணுச்சு? அதுக்கு ஒழுங்கான பேர் போடுங்க."

"இந்நேரம் என் நாத்தனார் போட்டிருப்பாம்மா" என்றாள் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ரெண்டாவது, இனிமே தனி ஆளா குழியில இறங்கக் கூடாது. மேல ஒருத்தர் நிக்கணும். என் கட்டடத்துல மட்டும் இல்ல, எங்கேயுமே. யாரு நிப்பா?"

லிஃப்ட்காரர் யோசிக்க வாயைத் திறப்பதற்குள், "நான் நிக்கிறேன்" என்றாள் அண்ணி.

"அப்ப போனை யாரு எடுப்பா?" என்றார் அவர்.

"பாப்பா எடுப்பா. ஃபோல்டரையும் அவளே பாத்துக்குவா. நம்மகூடவே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மறுநாள் வேலைக்கு அனுப்பியிருப்பியா?"

"அனுப்பியிருக்க மாட்டேன்."

"அதான்."

முதுகில் ஒரு குத்து விட்டாள். வலிக்கிற மாதிரி இல்லை. வெளியூர்ப் பேச்சு இனி கிடையாது. சாலையில் போகிற வருகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. முதலில் பாப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் அந்த ஏஜென்டைக் கொண்டுவராமல் இருந்தால் இந்தக் கதை அவர் வயிற்றுக்குள்ளேயே கிடந்து போயிருக்கும்.

"பாப்பா!" என்று கூவிக்கொண்டே வாசலில் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

முன்னறையில், வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஆபீஸிலிருந்து நேராக வந்திருப்பார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பாப்பா மேஜைக்கு அந்தப் பக்கம், லேப்டாப்புக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி இருந்தாள். இருவரும் எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார்களோ.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் லிஃப்ட்காரர்.

"மச்சான், அக்கா… சொல்லாம வந்துட்டேன், தப்பா நினைக்காதீங்க." செல்லை எடுத்து நீட்டினார். "காலையில மீட்டிங்ல இருந்தேன். இந்த மெயில் வந்துச்சு."

அண்ணி வாங்கிப் பார்த்தாள். மாப்பிள்ளை குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டும் லிஃப்ட்காரர் பொறுப்புதான். போனில் அந்த எண்ணும் மற்றக் கட்டடங்களோடு சேர்ந்துதான் இருந்தது. ஏஜென்ட் அதற்கும் ஒரு ஃபோல்டர் போட்டு அனுப்பியிருந்தது. பெயர், 'மாப்பிள்ளை வீடு'.

"இத்தனை நாளா போன் பண்றேன், அவ எடுக்கல. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சேன். இதைப் பாத்ததும், இந்த வீட்டுல என்னை இன்னும் மாப்பிள்ளைன்னுதான் வெச்சிருக்காங்களேன்னு…" அவருக்குப் பேச்சு தடுமாறியது. "மத்தியானம் மறுபடியும் திறந்து பாத்தேன். அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. உடனே கிளம்பிட்டேன்."

லிஃப்ட்காரர் தங்கையைப் பார்த்தார். "எல்லாப் பேரையும் மாத்திக்கிட்டுத்தானே இருந்த பாப்பா?"

"இத மறந்துட்டேன்" என்றாள் பாப்பா, தலையை நிமிர்த்தாமல்.

அண்ணி சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்று, தோளில் கை வைத்தாள். திரையில் ஏஜென்ட் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகச் சொல்லியிருந்தது அப்படியே இருந்தது. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல விரலை வைத்துப் படித்தாள்.

'எல்லா ஃபோல்டர்களின் பெயர்களும் மாற்றப்பட்டன. நீங்கள் கேட்டுக்கொண்டபடி, மாப்பிள்ளை வீடு என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.'

அண்ணியின் கைக்குக் கீழே பாப்பாவின் தோள் குலுங்கியது.